கமாவுக்கு அந்தப் பக்கம் நான்

பிரபா,

நீ அனுப்பிய தாளில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஒன்பது நாளாகிவிட்டது. "அப்பா, வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்பா" என்று மூன்று முறை செய்தி போட்டாய். மூன்று முறையும் நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பினேன். நீ அதைச் 'சரி' என்று எடுத்துக்கொண்டாய். 'பார்த்தேன்' என்பதற்கு மேல் நான் அதில் எதையும் வைக்கவில்லை. பிரின்டர் ரிப்பேர் என்று சொன்னதும் பொய். நம் வீட்டில் பிரின்டரே கிடையாது. மும்பைக்குப் போன இரண்டே மாதத்தில் நீ அதை மறந்துவிட்டது எனக்குக் கொஞ்சம் வருத்தம், கொஞ்சம் வசதி.

கோபமெல்லாம் இல்லை. "உங்கப்பா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கார்" என்று உன் அம்மா சொல்லியிருப்பாள். என் மூஞ்சியே அப்படித்தான், கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார். உள்ளே இருப்பது குழப்பம். ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதன் இவ்வளவு குழம்பலாமா என்று கேட்காதே. இதுவரை குழம்ப நேரமில்லாமல் இருந்தது, இப்போதுதான் ஒழிந்திருக்கிறது.

முதலில் விஷயத்தை எனக்கே ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். எழுதிப் பார்த்தால் தெளியும் என்று உன் அம்மா சொல்கிறாள். அவள் எழுதுவது மளிகைப் பட்டியல், அது தெளிவாகத்தான் இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் சிட்லபாக்கத்து வீட்டின் பின்னறையில், ஜன்னலுக்குப் போர்வை கட்டி, மின்விசிறியை நிறுத்தி, என்னைத் தும்மக் கூடாது என்று எச்சரித்துவிட்டு நீ ஒரு பாட்டுப் பதிவு செய்தாய். மெட்டு உன்னுடையது, வரிகள் உன்னுடையது, குரலும் உன்னுடையது. குரோம்பேட்டை ஸ்டீபன் வந்து கிட்டார் வாசித்தான். இப்போது மும்பையில் ஒரு விளம்பரக் கம்பெனி, ஏதோ ஒரு டீத்தூளுக்காக அந்தப் பாட்டைக் கேட்கிறது. இரண்டரை லட்சம் ரூபாய், ஒரே தடவை. அதற்குப் பிறகு பாட்டு அவர்களுடையது. தாளில் அப்படித்தான் இருக்கிறது: முழுமையாக, நிரந்தரமாக, பிரபஞ்சம் முழுவதும். அதற்குக் கீழே இசையமைத்தவர்கள் கையெழுத்துப் போட இரண்டு கோடுகள். ஒன்றின் அடியில் உன் பெயர். இன்னொன்றின் அடியில் என் பெயர்.

அந்தப் பாட்டுக்காக நான் செய்த ஒரே காரியம் தும்மாமல் இருந்தது.

என் பெயர் அங்கே எப்படிப் போனது என்பதை நீ ஃபோனில் கேட்டாய். "சிஸ்டம் எரர்" என்றேன். இந்த நாட்டில் எதற்கும் சொல்லக்கூடிய பதில் அது. நீயும் சிரித்துவிட்டு, "விடுப்பா, மாத்தறதுக்கு நேரமாகும், ரெண்டு பேருமே சைன் போட்டுடலாம், ஈஸி" என்றாய். ஈஸிதான். ஆனால் எரர் சிஸ்டத்தில் இல்லை. பாட்டை இணையத்தில் ஏற்றி உலகத்துக்கு அனுப்ப வேண்டிய அன்று நீ வைரல் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாய். "அப்பா, அந்த ஃபார்மை மட்டும் ஃபில் பண்ணிடுங்க" என்றாய். ஃபார்ம் என்றால் எனக்கு என்ன மரியாதை என்று உனக்குத் தெரியும். பகலில் மருந்து மொத்தக் கடையில் பில் போடுகிறவன், மாலையில் தெருவுக்கே படிவம் நிரப்புகிறவன். கேஸ் இணைப்பு மாற்றுவதிலிருந்து கல்யாணப் பதிவு வரைக்கும் இந்தத் தெருவில் என் கையெழுத்து படாத விண்ணப்பம் இல்லை. 'இசையமைத்தவர்' என்று கேட்டது. கை பழக்கத்தில் உன் பெயரை அடித்தேன், ஒரு கமா போட்டேன், தகப்பன் பெயர் என்று என் பெயரை அடித்தேன். இனிஷியலை விரித்து எழுதுவதுதானே முறை?

நம் ஊரில் தகப்பன் என்பவன் மகன் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து, ஒரு புள்ளி. அந்த இயந்திரத்துக்கு அப்பா என்றால் என்னவென்று தெரியாது. கமா என்றால் தெரியும். கமாவுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள், ஆளுக்குப் பாதி. அடுத்த பக்கத்தில் இரண்டாவது ஆளுடைய வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டது. காப்பாளர் கணக்கு போலிருக்கிறது என்று என்னுடையதைக் கொடுத்தேன். உனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. இருபத்து நான்கு வயதுக்காரனுக்கு எதற்குக் காப்பாளர் என்று எனக்குத் தோன்றவில்லை. நீ சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கிற வேகத்தைப் பார்த்திருந்தால் யாருக்கும் தோன்றியிருக்காது.

முதல் மூன்று மாதத்துக்கு என் கணக்கில் பதினேழு ரூபாய் விழுந்தது. கேஸ் மானியம் என்று நினைத்தேன். அடுத்து முப்பத்தொன்று. அதற்கப்புறம் எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உன் பாட்டுக்கு ஆடிப் படம் போட்டு, அதைப் பார்த்து இன்னும் பலர் ஆடி, ஒரு நாள் நாலாயிரத்துச் சொச்சம் வந்தது. "மானியத்த ஏத்திட்டாங்க போல" என்றேன் உன் அம்மாவிடம். "நாலாயிரமா? சிலிண்டரே ஆயிரம்தானே?" என்றாள். குளிக்கப் போய்விட்டேன்.

உண்மை தெரிந்தது ஏரிக்கரையில். என்னோடு காலையில் நடக்க வரும் ரிட்டயர்டு ரயில்வே சார் இருக்கிறாரே, ஊரில் யார் வீட்டில் என்ன டிபன் என்று வாசனையை வைத்தே சொல்பவர், அவர் ஃபோனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"என்ன சார், சொல்லவே இல்ல! மியூசிக் நீங்களாமே? பேரு போட்டிருக்கான் பாருங்க. நீங்களும் பையனும்!"

பார்த்தேன். என் பெயர். எழுத்துப்பிழை இல்லாமல். கல்யாணப் பத்திரிகையில்கூட என் பெயரைத் தப்பாக அச்சடித்தார்கள். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது, "இல்ல சார், தப்பா விழுந்திருக்கு." நான் சொன்னது, "ஏதோ..."

'ஏதோ' என்று இழுத்தால் போதும், எதிரில் இருப்பவர் மீதியைத் தானே நிரப்பிக்கொள்வார், நம்மைத் தன்னடக்கக்காரன் என்றும் சொல்வார். பொய்யும் சொன்னதாகாது. அன்று காலை நடைக்கூட்டம் முழுவதற்கும் மெதுபக்கோடாவும் காபியும் என் செலவு. நானூறு ரூபாய். அது நடந்து எட்டு மாதம் ஆகிறது, பிரபா. எட்டு மாதமாக எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், ஹாலில் நிற்கும் பீரோவைத்தான் காட்ட வேண்டும். அந்த பீரோ எப்படி வந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. 'அப்பா வாங்கியது' என்று விட்டுவிட்டேன். அதுவும் ஒரு 'ஏதோ'தான். நான் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தது உனக்குத் தெரியும். ஜி.எஸ்.டி. ரோட்டு மண்டபங்களில் வரவேற்பு என்றால் நாங்கள்தான். உனக்கு இரண்டு வயது இருக்கும்போது, தாம்பரத்தில் ஒரு ஃபர்னிச்சர் கடைக்காரர் லோக்கல் கேபிளிலும் ஆட்டோ மைக்கிலும் போட ஒரு விளம்பரப் பாட்டுக் கேட்டார். ஒரு மதியத்தில் போட்டேன். "கட்டிலும் இங்கே மெத்தையும் இங்கே, கட்டிக்க மாப்பிள்ளை மட்டுந்தான் எங்கே?" சிரிக்காதே. தாம்பரம் முழுக்கப் பாடினார்கள். பஸ்ஸில் பாடினார்கள். நீ பேச ஆரம்பித்ததும் அதைத்தான் பாடினாய், அதுவும் மாப்பிள்ளையைப் 'பாப்பிள்ளை' என்று.

பணம் கேட்கப் போனேன். முதலாளி என்னைக் கடைக்குள் அழைத்துப் போய் வரிசையாக நிற்கும் பீரோக்களைக் காட்டினார்.

"இன்னா தம்பி, காசா கேக்கற? காசு குடுத்தா நாலு நாள்ல பூடும். பீரோ குடுத்தா நிக்கும். கண்ணாடி வச்சதா எடுத்துக்கோ, வூட்ல தங்கச்சி சந்தோசப்படும். எடுத்துகினு போ."

எடுத்துக்கொண்டு வந்தேன். மூன்று சக்கர வண்டியில் பீரோவைப் படுக்கவைத்து, அதன்மேல் நான் உட்கார்ந்து. படுக்கையறை வாசலில் அது நுழையவில்லை, ஹாலிலேயே நின்றுவிட்டது. அந்தப் பாட்டு பதினோரு வருடம் ஓடியது. ஒரு கடை மூன்று கடையானது. நடுவில் ஒரு தீபாவளிக்கு, கொஞ்சம் ஏதாவது கொடுப்பாரா என்று போய் நின்றேன். அவர் ரொம்பப் பிரியமாக விசாரித்தார்.

"பீரோ நல்லா கீதா?"

"இருக்குண்ணா."

"துரு கிரு புடிக்கலியே?"

"இல்லண்ணா."

"அப்புறம் இன்னா?"

அப்புறம் என்ன என்பதற்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் முழுசாகத் தெரியாது, அதுதான் தொல்லை. அந்தப் பதினோரு வருடத்தில் ஊரே பாடியது. பாடியவர்களில் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. அதனால்தான் ரயில்வே சார் ஃபோனை நீட்டியபோது என் வாய் அப்படி நடந்துகொண்டது என்று நான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மண்டபம் மண்டபமாக வாசித்து ரொக்கமாக வாங்கிய காசெல்லாம் எங்கே போனது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பீரோ நிற்கிறது. உன் சான்றிதழ், அம்மாவின் பட்டுப்புடவை, நம் வீட்டுப் பத்திரம் எல்லாம் அதற்குள்தான். அப்படியானால் அந்த முதலாளி என்னை ஏமாற்றினாரா, எனக்கு நல்லது செய்தாரா? ஒரே தடவை விற்பது முட்டாள்தனம் என்று உனக்குப் புத்தி சொல்லலாம் என்று உட்கார்கிறேன். எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும்போது பீரோ குறுக்கே நின்று என்னையே கண்ணாடியில் காட்டுகிறது.

சரி, உன் தொழிலையாவது புரிந்துகொள்வோம் என்று நீ மும்பையிலிருந்து அனுப்பிய விளக்கத்தை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாட்டு ஃபோனில் ஓடினால் ஒரு வரும்படி. யாராவது ஆடிப் படம் போட்டால் இன்னொன்று. காலர் டியூன் வைத்தால் ஒன்று. டிவியில் போட்டால், மேடையில் யாராவது பாடினால், ஒரு சங்கம் வசூலித்துக் கொடுக்கும், அதுவும் நீ அதில் உறுப்பினராக இருந்தால். இதெல்லாம் போக, பாட்டு என்பது ஒரு சொத்து, அந்தப் பாட்டின் பதிவு என்பது வேறொரு சொத்து.

"அதென்ன, பாட்டு வேற, பதிவு வேற?" என்றாள்.

"மெட்டும் வரியும் பாட்டு. நம்ம பின்னறையில ரெக்கார்டு பண்ணது பதிவு."

"மாவு வேற, இட்லி வேற மாதிரியா?"

"ஆமா, கிட்டத்தட்ட."

"அப்ப மாவுக்கும் காசு, இட்லிக்கும் காசா?"

"ஆமா."

"நம்ம வீட்டுல மாவும் நான்தான் அரைக்கிறேன், இட்லியும் நான்தான் ஊத்தறேன். எனக்கு எந்தச் சங்கம் வசூல் பண்ணித் தருது?"

அந்தச் சபை அத்துடன் கலைந்தது. ஆனால் ஒன்று புரிந்தது. நீ விற்கப் போவது இட்லியை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். தாளில் மாவையும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறார்கள். நாளைக்கு உன் பாட்டை நீயே மறுபடி பாடிப் பதிவு செய்ய வேண்டுமென்றால், டீத்தூளிடம் அனுமதி கேட்க வேண்டும். இதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று எனக்கே சந்தேகம். சரியாகப் படித்துப் பார், ஆறாவது பக்கம்.

எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தவை இரண்டே இரண்டு. இரண்டையும் நான் அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் குழுவுக்குத் தாஸ் அண்ணன் தலைவர். நிகழ்ச்சி முடிந்து பெண் வீட்டார் கவரைக் கொடுத்தால், அவர் அதைத் தொடவே மாட்டார். டிரம்ஸ்காரன் மூட்டை கட்டி முடிக்கும் வரை ஸ்பீக்கர் பெட்டிமேல் அது கிடக்கும். "எல்லாரும் வந்தாச்சா? லைட் புடிக்கிறவன் எங்கடா?" என்று கேட்டு, எல்லோர் கண் முன்னாலும்தான் பிரிப்பார். குறைவாக இருந்தால் எல்லோரும் சேர்ந்து திட்டுவோம், அது ஒரு சந்தோஷம். அவருக்குப் பிறகு நான் தலைவனானேன். நான் கவரை ஆட்டோவில் வைத்துப் பிரித்தேன். ஒரு பைசா எடுக்கவில்லை, சத்தியமாக. கூட்டத்தில் பிரிக்கக் கூச்சம், அவ்வளவுதான். ஆறு மாதத்தில் குழு கலைந்தது. யாரும் என்னைத் திருடன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ஆகவே, இரண்டரையோ ஐந்தோ, வருகிற தொகையை ஸ்டீபனிடம் முதலிலேயே சொல்லிவிடு. அவன் கிட்டாருக்கு நீ என்ன கொடுத்தாய் என்று குரோம்பேட்டை மார்க்கெட்டில் அவன் அம்மா உன் அம்மாவிடம் கேட்டாளாம். "புதுப் பாட்டு எப்ப?" என்றுதான் கேட்டாள். அதன் அர்த்தம் உன் அம்மாவுக்குத் தெரியும்.

இரண்டாவது, புரட்டாசி. எங்கள் தொழிலில் ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆனால் அம்மன் கோயில் கச்சேரிகள் காப்பாற்றும். புரட்டாசியும் மார்கழியும்தான் பட்டினி. வைகாசியில் பன்னிரண்டு நிகழ்ச்சி வாசித்த திமிரில் ஒரு ஃபிரிட்ஜை மாதத் தவணையில் எடுத்தேன். புரட்டாசியில் அதற்குள் வைக்க ஒன்றுமில்லை. தவணைக்காரன் வந்தபோது நான் அதன் பின்னால் ஒளிந்தேன். ஃபிரிட்ஜ் அந்த வகையில் உதவியது. என் புரட்டாசி காலண்டரில் இருந்தது, முன்கூட்டியே பார்த்துப் பயப்படலாம். உன்னுடையது எந்த மாதம் வரும் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் வேறு பாட்டுக்கு ஆடப் போய்விட்டால் அன்றே புரட்டாசிதான். எது வந்தாலும் முதலில் ஆறு மாத வாடகையை எடுத்துத் தனிக் கணக்கில் போடு. வரிக்கு ஒரு பங்கையும் அப்போதே ஒதுக்கு. மீதியில் மைக் வாங்கு.

இப்போது என் குழப்பத்துக்கு வருகிறேன். தாளில் கையெழுத்துப் போட்டால், இந்த மெட்டை நானும் போட்டேன் என்று பிரபஞ்சம் முழுவதற்கும் பொய் சொன்னதாகும். போடாவிட்டால் உன் பாட்டை நீ விற்க முடியாது. உன் பாட்டைத் தடுக்கும் அதிகாரத்தை எனக்குக் கொடுத்தது ஒரு கமா. உண்மையைச் சொல்லி என் பெயரை எடுத்துவிட்டால் அதிகாரமும் போய்விடும். நீ பாட்டுக்கு வெள்ளிக்கிழமை விற்றுவிடுவாய், நான் வேடிக்கை பார்க்க வேண்டும். மும்பையில் ரூம் அட்வான்ஸுக்கு நீ திண்டாடுவதும் தெரியும். இத்தனையையும் ஏழு நாள் மாற்றி மாற்றி யோசித்தேன். கடையில் ஒரு டாக்டருக்கு இருமல் மருந்துக்குப் பதிலாகக் குளுக்கோஸ் பெட்டி பில் போட்டேன்.

கடைசியில், திங்கட்கிழமை மதியம், உன்னிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். அந்தத் தாளில் இருந்த எண்ணுக்கு ஃபோன் செய்தேன். மருந்துக் குடோனில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு. ஒரு பெண் எடுத்தாள். "ஐ ஆம் ஸ்பீக்கிங் ஃப்ரம் சிட்லபாக்கம்" என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் தயாரித்து வைத்திருந்த ஆங்கிலம் வரவில்லை.

"சார், தமிழா? தமிழ்லயே சொல்லுங்க சார். நான் பல்லாவரம்தான். நித்யா."

"பல்லாவரமா? பல்லாவரத்துல எங்கம்மா?"

"சார், மேட்டர் சொல்லுங்க சார்."

"இந்தப் பேப்பர்ல பிரபஞ்சம் முழுக்கன்னு போட்டிருக்கே, எதுக்கும்மா? நிலாவுல டீ விக்கப் போறீங்களா?"

சிரித்தாள். "அது எல்லா அக்ரிமென்ட்லயும் இருக்கும் சார். நாங்க போடறதில்ல, வக்கீல் போடறது."

"பாட்டையே எடுத்துக்காம, விளம்பரத்துக்கு மட்டும் கொஞ்ச வருஷத்துக்குன்னு குடுக்க முடியாதா?"

குரலைத் தணித்துக் கேட்டாள்: "சார், நீங்க கம்போஸரா? கம்போஸர்னா நான் இதப்பத்தி உங்ககிட்டப் பேசலாம். வேற யார்கிட்டயும் பேசக் கூடாது."

பிரபா, அந்த இடத்தில் 'ஏதோ' என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொல்லியிருந்தால் போதும். உனக்காக நானே பேரம் பேசி, தாளையே மாற்றி வாங்கி, உன் முன்னால் பெரிய மனிதனாக நின்றிருக்கலாம். உன் நல்லதுக்குத்தானே என்று மனசு சொன்னது. எட்டு மாதமாக அது இப்படித்தான் எதையாவது சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனால் கேட்டது ஒரு பல்லாவரத்துப் பெண். ஏதோ என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும்.

"இல்லம்மா," என்றேன். "நான் அவனோட இனிஷியல்."

"புரியல சார்."

கமாவைச் சொன்னேன். முழுதாகக் கேட்டாள். பெருமூச்சு விட்டாள்.

"சார், இது எனக்கு இப்பத் தெரிஞ்சிருக்கக் கூடாது. தெரிஞ்சுட்டதால, நீங்க பேர எடுக்காம இந்தப் பேப்பர நான் உள்ள அனுப்ப முடியாது. வெள்ளிக்கிழமை தாண்டினா வேற பாட்டுக்குப் போயிடுவாங்க."

உன் இரண்டரை லட்சத்தை என் வாயால் நானே ஊதிவிட்டேனோ என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னது: "பேர எடுத்துட்டு அவரையே ஃபோன் பண்ணச் சொல்லுங்க சார். நீங்க இப்பக் கேட்டீங்களே, அதையே அவர் கேக்கட்டும். காசு கொஞ்சம் கம்மியாகும். ஆனா அந்த மாதிரிப் பேப்பரும் எங்ககிட்ட இருக்கு. யாரும் கேக்கறதில்ல."

அன்று மாலையே படிவத்தைத் திறந்தேன். என் பெயரை நீக்கக் காரணம் கேட்டது. கொடுத்திருந்த வரிசையில் 'இறந்துவிட்டார்' இருந்தது, 'தகராறு' இருந்தது, 'தகப்பன்' இல்லை. 'வேறு' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'மெட்டில் இவருக்குப் பங்கில்லை' என்று எழுதினேன். அடிக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது, மறைக்கவில்லை. என் கணக்கில் இதுவரை விழுந்தது பதினோராயிரத்து முந்நூற்று எண்பத்திரண்டு ரூபாய். பக்கோடா நானூறையும் சேர்த்து முழுதாக உனக்கு அனுப்பிவிட்டேன். நாளைக் காலை ரயில்வே சாரிடமும் சொல்ல வேண்டும். அதற்கு இன்னொரு பக்கோடா ஆகும், அது என் சொந்தச் செலவு.

இன்று புதன்கிழமை. நித்யா ஆறு மணி வரை இருப்பாளாம். நீ கேட்டாலும் சரி, கேட்காமல் முழுதாக விற்றாலும் சரி, சாட்சிக் கையெழுத்துக்குக்கூட இனி நான் தேவையில்லை. எது சரி என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி நடிக்கவும் இப்போது தெம்பில்லை. இந்தக் கடிதத்தை உன் அம்மா படமெடுத்து அனுப்புவாள். பக்க எண் போட்டிருக்கிறேன், அவள் கலைத்துத்தான் அனுப்புவாள்.

இன்று காலை பதில் வந்தது, திருத்தம் ஆகிவிட்டது என்று. கடைக்குக் கிளம்பும் முன் ஃபோனில் உன் பாட்டைத் திறந்து பார்த்தேன். உன் பெயர் மட்டும் இருந்தது. கமா இல்லை. செருப்பைக்கூட மாட்டாமல் வாசற்படியில் உட்கார்ந்து முழுதாகக் கேட்டேன். எத்தனையோ தடவை கேட்டதுதான். ஆனால் இந்த எட்டு மாதமும், என் பாட்டை நானே புகழ்வதா என்பதுபோல வாயை மூடிக்கொண்டே கேட்டிருக்கிறேன். அதற்கு முந்தைய வருடத்துக்கு எந்தச் சாக்கும் இல்லை. "பையன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று உன் அம்மா அப்போதே கேட்டாள், சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது சரணத்தில் ஸ்டீபன் கிட்டாரை நிறுத்திவிடுகிறான். எல்லோரும் குரலை மேலே ஏற்றுகிற அந்த இடத்தில் நீ கீழே இறங்குகிறாய். இத்தனை வருடம் வாசித்தவன் நான், எனக்கு அது தோன்றியிருக்காது.

பாட்டு ரொம்ப நன்றாக இருக்கிறது, பிரபா.

அப்பா